வாசகர் கேள்வி–பதில்: தல்வார், கத்தானா, சேபர்... எதை எப்படிச் சொல்வது?

லண்டன் ஏலத்தில் 2025-இல் மகாராஷ்டிர அரசு 47.15 லட்சம் ரூபாய்க்கு வாங்கி வந்த ரகுஜி போன்ஸ்லேயின் வாளைப் பற்றிப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தோம். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாள்களின் பெயர்களைப் பற்றியவைதான். ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் முழுக்க வாள்களுக்கே.

ரகுஜி போன்ஸ்லே மராத்தியத் தளபதி. அவருடைய வாளை 'ஃபிரங்கி' என்று எழுதியிருந்தீர்கள். பரங்கி என்றால் வெள்ளைக்காரன் அல்லவா? மராத்தியர் வாளுக்கு அந்தப் பெயர் எப்படி?
— கரூர் வாசகர்

அதே பரங்கிதான். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியரும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் ஐரோப்பாவில் அடித்த வாள் அலகுகளை மேற்குக் கரைத் துறைமுகங்களில் கொண்டு வந்து இறக்கினார்கள். நேராக, நீளமாக, நல்ல வளைந்து நிமிரும் எஃகில் இருந்த அந்த அலகுகள் தக்காணத்தில் சக்கைப்போடு போட்டன. ஆனால் ஐரோப்பியப் பிடியோடு அவற்றை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. உள்ளூர்க் கொல்லர் அதைக் கழற்றிவிட்டு நம் ஊர்க் கூடைப்பிடியைப் பொருத்தினார். விரல்களை மறைக்கும் அகலத் தகடு, உள்ளே மெத்தை, பிடியின் தலையிலுள்ள குமிழுக்கு மேலே ஒரு நீட்டிய முள். அந்த முள் அலங்காரத்துக்காக வைத்தது இல்லை. ஓங்கி வெட்டும்போது இரண்டாவது கையால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். இப்படி அலகு பரங்கியர் நாட்டிலிருந்தும் பிடி தக்காணத்திலிருந்தும் வந்த வாள்தான் ஃபிரங்கி. அதே கூடைப்பிடிக்குள் நம் ஊரில் அடித்த அகலமான, இருபக்கமும் கூரான நேர் அலகைச் செருகினால் அது காண்டா.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. ஃபிரங்கி என்ற பெயரை வைத்தது அதைப் பயன்படுத்திய மக்கள். அலகு எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை, பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். 'மராத்தியர் கையில் வெளிநாட்டு இரும்பா' என்று இன்றைக்குச் சிலர் சங்கடப்படுகிறார்கள், அந்தச் சங்கடம் அன்றைய வீரர்களுக்கு இருக்கவில்லை. நல்ல அலகு எங்கே கிடைத்தாலும் வாங்கினார்கள், தங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள், அதை வைத்துச் சண்டையும் போட்டார்கள்.

அப்புறம், பவானி, ஜகதம்பா என்றெல்லாம் சத்ரபதி சிவாஜியின் வாள்களைச் சொல்வது வேறு கணக்கு. அவை தனித்தனி வாளுக்கு வைத்த செல்லப்பெயர்கள், வாள் வகையின் பெயர்கள் இல்லை. 1875–76-இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கோல்ஹாப்பூர் அரசர் கொடுத்த ஒரு வாள் இன்றும் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இந்தச் செல்லப்பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. "என்ன வகை?" என்பது ஒரு கேள்வி, "எந்த வாள்?" என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தல்வார், சம்சீர், கிலிஜ், சிமிட்டர் எல்லாமே வளைந்த வாள்தான். ஒரே படத்துக்கு மூன்று இடத்தில் மூன்று பெயர் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?
— மதுரை கல்லூரி மாணவி

முதலில் ஒரு விஷயம். தல்வார் என்றால் இந்தியிலும் உருதுவிலும் வாள், சம்சீர் என்றால் பாரசீகத்தில் வாள், கிலிஜ் என்றால் துருக்கியில் வாள், சைஃப் என்றால் அரபியில் வாள். ஒரு பாரசீகரிடம் நேர் வாளைக் காட்டினாலும் சம்சீர் என்றுதான் சொல்வார். 2023-இல் லண்டனில் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போன திப்பு சுல்தானின் படுக்கையறை வாளில் 'சம்சீர்-எ-மாலிக்' என்று பொறித்திருக்கிறது. அரசனின் வாள் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு 'திப்பு வைத்திருந்தது பாரசீகச் சம்சீர் வகை' என்று எழுதுவது தவறு.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகக்காரர்களும் இந்தப் பொதுப் பெயர்களை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். இன்று ஏலப் பட்டியலிலும் புத்தகங்களிலும் நடப்பது அந்த வழக்குதான், ஆகவே அதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒல்லியான அலகு, ஆழமான வளைவு, நுனி வரை குறுகிக்கொண்டே போனால் சம்சீர். அலகின் கடைசி மூன்றில் ஒரு பங்கு அகலமாகி முதுகுப்பக்கமும் கூராக இருந்தால் கிலிஜ். அந்த அகன்ற பகுதிக்கு யெல்மான் என்று பெயர், வீச்சின் கனம் முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். தல்வாருக்கு அடையாளம் பிடி. உலோகத்தால் ஆன குட்டையான பிடி, நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கும், அதன் தலையில் தட்டையான ஒரு வட்டத் தட்டு.

அந்தத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தல்வாரைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் முதலில் கேட்பது, "இந்தப் பிடி இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, அந்தக் காலத்து ஆட்களின் கை அவ்வளவு சிறியதா?" என்பதுதான். கை சிறியது என்று அர்த்தமில்லை. நான்கு விரலும் பிடிக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும், தட்டு மணிக்கட்டோடு அணைந்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அளவு. அப்படிப் பிடித்தால் மணிக்கட்டை மடக்கிக் கத்திச்சண்டைப் படங்களில் வருவதுபோல் நுனியை முன்னால் நீட்டிக் குத்த முடியாது, தட்டு உறுத்தும். தோளிலிருந்து வீசி, பட்ட இடத்தில் இழுத்து அறுக்கத்தான் வரும். அந்தப் பிடியும் அந்த வளைவும் ஒன்றுக்காக ஒன்று செய்தவை.

பிடிதான் பெயரைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று. பிரிட்டிஷ் குதிரைப்படைக்காக 1796-ஆம் ஆண்டு மாதிரியில் செய்த சேபர்கள், அதாவது வளைந்த குதிரைப்படை வாள்கள், பழசானதும் கழித்துக் கட்டப்பட்டன. அவற்றின் அலகுகளில் நிறைய இந்தியாவில் தட்டுப்பிடி மாட்டிக்கொண்டு தல்வார்களாகிவிட்டன. இந்தியக் குதிரைவீரர்களின் வாள்கள் ஏன் இவ்வளவு பயங்கரமாக வெட்டுகின்றன என்று கேட்டுப்போன பிரிட்டிஷ் அதிகாரி லூயிஸ் நோலன் கண்டது அதைத்தான். தங்கள் படை தூக்கிப் போட்ட அலகே அங்கே இருந்தது, ஆனால் சவரக்கத்தியாகத் தீட்டி, மரத்தாலான உறையில் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷார் இரும்பு உறையில் போட்டு, இழுக்கும்போதும் செருகும்போதும் கூரை மழுக்கிக்கொண்டிருந்தார்கள். 1853-இல் வந்த குதிரைப்படை பற்றிய அவருடைய நூலில் இது இருக்கிறது.

சிமிட்டர்? அது எந்த வாள்காரரும் தன் வாளுக்குச் சொன்ன பெயர் கிடையாது. கிழக்கே பார்த்த வளைந்த வாளுக்கெல்லாம் ஐரோப்பியர் மொத்தமாக வைத்த பெயர். கதையில் இருந்துவிட்டுப் போகட்டும், பாடக்கட்டுரையில் வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் பிடியில் வட்டத் தட்டு தெரிகிறது, அலகு சம்சீர் வளைவு. 'சம்சீர் அலகு பொருத்திய தல்வார்' என்று எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

சோழர் காலக் கதைகளில் வீரர்கள் வளைந்த வாளோடு வருகிறார்களே, சரியா?
— கும்பகோணம் வாசகர்

தட்டுப்பிடி வைத்த தல்வார் என்றால் சரியில்லை. அந்த வடிவம் சோழப் பேரரசு முடிந்த பிற்பாடு உருவானது. செங்கம் பகுதி நடுகற்களைப் போய்ப் பாருங்கள், அவற்றில் பல சோழப் பேரரசுக்கும் முந்தியவை. ஒரு கையில் வில், இன்னொரு கையில் குட்டையான வாள் என்று வீரன் நிற்பான். வாடகைக்கு எடுத்த நாடகச் சாமான்களை வைத்துக்கொண்டு நம் வரலாற்றைக் காட்டுவதை இனியாவது நிறுத்த வேண்டும். கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள், பார்த்துச் செய்ய என்ன தடை?

எங்கள் ஊரில் தச்சர் மரம் அறுப்பதற்கு வைத்திருப்பதைத்தான் வாள் என்போம். தமிழ்நாட்டு நண்பர் ரம்பம் என்கிறார், வாள் என்றால் சண்டைக்கு மட்டுமாம். யார் சொல்வது சரி?
— யாழ்ப்பாணத்து வாசகர்

உங்கள் வழக்கு பழையது, சரியானது. 'நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாள்' என்று வள்ளுவர் சொல்லும் வாள் அறுக்கிற வாள்தான். ஒவ்வொரு நாளும் முன்னும் பின்னும் போய் வந்து உயிரை ஈர்ந்துகொண்டே இருக்கிறது. போர்வாள் என்று எடுத்துக்கொண்டால் அந்தக் குறளின் அழகே போய்விடும். தமிழ்நாட்டிலும் அந்த வழக்கு அடியோடு போய்விடவில்லை. மரம் அறுக்கும் இடத்துக்கு வாள்பட்டறை என்று பலகை வைத்திருப்பதை உங்கள் நண்பர் தினமும் தாண்டித்தான் போவார். மலையாளத்திலும் இரண்டுக்கும் வாள்தான்.

இதோடு சேர்த்து இன்னொன்று. தமிழ் வேதாகமத்தில் போர்வாளுக்குப் பட்டயம் என்று வரும். செப்புப் பட்டயம் என்று அரசர் கொடுத்த ஆவணத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். தேவாலயத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் எந்தச் சந்தேகமும் வருவதில்லை, மற்றவர்கள் முதல் தடவை வாசிக்கும்போது சற்றுத் திகைப்பார்கள்.

சாமுராய் வாள் என்றால் கத்தானாதானே? டாச்சி என்று இன்னொன்று சொல்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.
— கோவை வாசகர், அனிமே ரசிகர் என்று கையெழுத்திட்டிருக்கிறார்

அலகை மட்டும் வைத்துப் பார்த்தால் பல சமயம் நிபுணர்களுக்கே சட்டென்று தெரியாது. ஏனென்றால் வித்தியாசம் அதை எப்படி அணிந்தார்கள் என்பதில் இருக்கிறது.

டாச்சி முந்தியது. குதிரைமேல் போன வீரர்களின் வாள். இடுப்பிலிருந்து கயிற்றில் தொங்கும், கூர் தரையைப் பார்த்திருக்கும். பின்னால் தரையில் நின்று நடக்கும் சண்டை பெருகியபோது, இடுப்புக் கச்சைக்குள் நேராகச் செருகிக்கொள்ளும் வாள் பரவியது, அதில் கூர் வானத்தைப் பார்த்திருக்கும். இதுதான் நாம் கத்தானா என்று சொல்வது. கூர் மேலே இருப்பதால் உருவுவதும் வெட்டுவதும் ஒரே வீச்சில் முடிந்துவிடும். எதிரி மிக அருகில் நிற்கும்போது உயிரைக் காப்பது அந்த ஒரு வீச்சுதான்.

சரி, பிடியும் உறையும் போய் வெறும் அலகு மட்டும் கிடைத்தால்? பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியைப் பார்ப்பார்கள். அந்தப் பகுதியை மெருகேற்ற மாட்டார்கள், துருவைத் துடைக்கவும் மாட்டார்கள். கறுத்துப் போன அந்தத் துருவின் நிறமே வயதைச் சொல்லும். கொல்லர் தன் பெயரை அங்கேதான் வெட்டியிருப்பார், அதுவும் அணிந்திருக்கும்போது வெளிப்பக்கம் பார்க்கும் முகத்தில். டாச்சியில் கூர் கீழே, கத்தானாவில் கூர் மேலே. அதனால் அந்த வெளிமுகம் இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கமாகிவிடும். கையெழுத்து எந்த முகத்தில் என்று பார்த்தே கொல்லர் இதை எப்படி அணியச் செய்தார் என்று சொல்லிவிடலாம். விதிவிலக்கான கொல்லர்கள் உண்டு, ஆனால் பொதுவாக இது நிற்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. பழைய டாச்சிகள் நீளமானவை. காலம் மாறியபோது அவற்றை வீசி எறியவில்லை. அடிப்பகுதியிலிருந்து வெட்டிக் குட்டையாக்கிக் கத்தானாவாகச் செருகிக்கொண்டார்கள். நுனியை வெட்டினால் கூரும் அழகும் கெட்டுவிடும், ஆகவே அடியில்தான் வெட்டு. அந்த வெட்டில் கொல்லரின் கையெழுத்தும் சேர்ந்து போயிற்று. இன்று அருங்காட்சியகங்களில் கையெழுத்தில்லாமல் இருக்கும் எத்தனையோ அருமையான வாள்கள் இப்படி வந்தவை. டாச்சியாகப் பிறந்து, தலைமுறைகள் கழித்துக் கத்தானாவாக வாழ்ந்த அலகை என்ன பெயர் சொல்லி அழைப்பது? இரண்டையும் சொல்ல வேண்டியதுதான்.

ஜப்பானியர் இன்று நீளத்தை வைத்தும் பிரிக்கிறார்கள். ஷாக்கு என்பது சுமார் 30.3 செ.மீ. இரண்டு ஷாக்குக்கு மேலிருந்தால் கத்தானா அல்லது டாச்சி, ஒன்றிலிருந்து இரண்டுக்குள் வகிசாஷி, ஒன்றுக்குக் கீழே தாந்தோ. எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) கத்தானாவையும் வகிசாஷியையும் ஜோடியாக அணிவது சாமுராய்க்கு மட்டும் உரிய உரிமை. 1876-இல் வந்த அரசாணையோடு சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணிவதே போயிற்று. 1930-களில் ராணுவ அதிகாரிகளுக்கு மறுபடி ஜப்பானியப் பாணி வாள் கொடுத்தபோது பழைய டாச்சி மாதிரியில் கூர் கீழே பார்க்கத் தொங்கவிட்டார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்து 'கத்தானா அணிந்த அதிகாரி' என்று எழுதுவதை அடிக்கடி காண்கிறேன், இடுப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கணினி விளையாட்டுகளில் லாங்ஸ்வோர்டு, பிராட்ஸ்வோர்டு, ரேப்பியர் என்று வருகிறது. பிராட்ஸ்வோர்டு பத்துக் கிலோ எடையாமே? ரேப்பியர் எடையே இருக்காதாமே?
— திருச்சி, பிளஸ் டூ மாணவர்

இரண்டுமே தவறு. ஐரோப்பிய இடைக்கால வாள்களில் ஒரு கைக்கானவை பெரும்பாலும் 1.1 முதல் 1.5 கிலோவுக்குள். பத்துக் கிலோவைத் தூக்கி இரண்டு வீச்சு வீசியதும் தோள் இறங்கிவிடும், மூன்றாவது வீச்சுக்கு ஆள் இருக்க மாட்டார். ரேப்பியரும் கிட்டத்தட்ட ஒரு கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். அலகு ஒல்லிதான், ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் நீளம், பிடியைச் சுற்றி வளையம் வளையமாக இரும்பு. எடை எல்லாம் கையருகே இருப்பதால் நுனி லேசாக ஆடும், அதைப் பார்த்துவிட்டு வாளே லேசு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பிராட்ஸ்வோர்டு என்ற பெயரின் கதை இது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கனவான்கள் இடுப்பில் ஊசி மாதிரி ஸ்மால்ஸ்வோர்டு அணிந்தபோது, போர்க்களத்தில் படைவீரன் வைத்திருந்த அகல அலகுக் கூடைப்பிடி வாளை அதிலிருந்து பிரித்துச் சொல்ல வந்தது. பிற்பாடு விக்டோரியா காலத்தில் நைட்டுகளின் வாளுக்கும் அதே பெயரை ஒட்டிவிட்டார்கள், விளையாட்டு தயாரிப்பாளர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். 12-ஆம் நூற்றாண்டு வீரனுக்குத் தன் வாள் வெறும் வாள்தான், ஒல்லி வாள் இல்லாத காலத்தில் 'அகல வாள்' என்று சொல்ல அவனுக்கு என்ன தேவை?

கிளேமோர் இன்னும் மோசம். ஸ்காட்லாந்தில் இரண்டு கையால் பிடிக்கும் பெரிய வாளுக்கும் அந்தப் பெயர், அதற்குப் பின்னால் வந்த ஒரு கைக் கூடைப்பிடி வாளுக்கும் அந்தப் பெயர்.

இந்தப் பெயர்களோடு மல்லுக்கட்டிச் சலித்துப் போய்த்தான் ஆய்வாளர்கள் எண்ணும் எழுத்தும் போட ஆரம்பித்தார்கள். நார்வேயின் யான் பீட்டர்சன் 1919-இல் வைக்கிங் வாள்களைப் பிடியின் வடிவத்தை வைத்து எழுத்துகளால் வகைப்படுத்தினார். இங்கிலாந்தின் எவர்ட் ஓக்ஷாட் 1960-களில் இடைக்கால வாள்களை அலகின் வடிவம், அதன் நடுவே ஓடும் பள்ளம், நுனி இவற்றை வைத்து ரோமன் எண் 10 முதல் 22 வரை பிரித்தார். சங்கிலிக் கவசத்தை வெட்ட வந்த அகல அலகு முன் எண்களில், தகட்டுக் கவசத்தின் இடுக்கில் குத்த வந்த ஊசிமுனை அலகு பின் எண்களில். கவசம் மாற மாற வாளும் எப்படி மாறியது என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது. பெயரை மனப்பாடம் செய்வதைவிட இது ஆயிரம் மடங்கு சுவையானது, ஒரு முறை படித்துப் பாருங்கள்.

கட்டாரி வாளா, குத்துவாளா?
— தஞ்சாவூர் வாசகர்

குத்துவாள். ஆனால் மற்றக் குத்துவாளைப் போல அதைப் பிடிக்க மாட்டார்கள். இரண்டு இணைக் கம்பிகளுக்கு நடுவே குறுக்குக் கம்பி, அதை முஷ்டிக்குள் இறுக்கினால் அலகு முழங்கையின் நேர்க்கோட்டில் முன்னால் நீளும். குத்து விடும் வேகம் அப்படியே நுனிக்குப் போகும். உங்கள் ஊர்க் கட்டாரிகளில் விரல்களை மூடும் ஒரு தகடு கிளிஞ்சல் போல வளைந்து நிற்கும், வேலைப்பாடு அபாரம். தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊரில் இருந்துகொண்டு இதுவரை பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை சென்னை போகும்போது கட்டாயம் பாருங்கள்.

தெற்கே கட்டாரி, வடக்கே கட்டார், முகலாய நூலான அயினி அக்பரியில் ஜம்தர். வரலாற்று நூலில் ஜம்தர் என்று வந்தால் வேறு ஏதோ புதிய ஆயுதம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே முஷ்டிப்பிடியை முழங்கை வரை மறைக்கும் இரும்புக் கையுறையாக்கி, நீள அலகைப் பொருத்தினால் பட்டா. அதைத் தாராளமாக வாள் என்று சொல்லலாம், மராத்தியர் அதில் கைதேர்ந்தவர்கள்.

உருமி என்பது மேளம்தானே? வாள் என்கிறார்கள்.
— திண்டுக்கல் வாசகர்

நம் ஊர் மேளம் உறுமி. கேரளத்துக் களரிக்காரர்கள் இடுப்பில் சுற்றி வைத்துச் சுழற்றும் நெகிழ் வாள் உருமி. அதையே நம் சிலம்ப ஆசான்கள் சுருள்வாள் என்பார்கள். தமிழில் எழுதும்போது சுருள்வாள் என்றே எழுதுங்கள், மேளக்காரரோடு சண்டை வராது.

இணையத்தில் 'அசல் டமாஸ்கஸ் எஃகு வாள்' என்று விற்கிறார்கள். அலை அலையாகக் கோடுகள் தெரிகின்றன. வாங்கலாமா?
— சேலம் வாசகர்

உங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் இந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். டமாஸ்கஸ் வாள் என்று சிலுவைப்போர்க் கதைகள் கொண்டாடும் வாள்களுக்கான எஃகு, தென்னிந்தியா, இலங்கைப் பக்கம் மூசையில் (உலோகம் உருக்கும் மண் கலத்தில்) உருக்கிச் செய்த எஃகின் மரபைச் சேர்ந்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு, எஃகு செய்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்கள் எஃகு வாங்கவே வந்து காத்துக்கிடந்தார்கள். இரும்பையும் மரக்கரியையும் இலைதழையையும் சின்ன மண் மூசையில் அடைத்து, வாயை மூடி, நெடுநேரம் காய்ச்சி மெதுவாக ஆறவிடுவார்கள். கிடைக்கும் கட்டியில் கரி சுமார் ஒன்றரை சதவீதம். அதைக் குறைந்த சூட்டில் பொறுமையாகத் தட்டி நீட்டும்போது எஃகுக்குள்ளேயே வரிவரியாக ஒரு கோலம் எழும்பும். வூட்ஸ் என்று ஐரோப்பியர் அழைத்தது இதைத்தான். ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கில் இதைச் செய்து பார்க்க முயன்றார். நம் காலத்தில் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து, தாதுவில் மிகச் சிறிய அளவு வனேடியம் போன்றவை இருப்பதுதான் அந்த வரிகளுக்குக் காரணம் என்று காட்டினார்கள்.

இன்று கடையில் விற்பது இந்த எஃகு அல்ல. இரண்டு விதமான எஃகுத் தகடுகளை அடுக்கி, ஒட்டி அடித்து, மடித்து, அமிலத்தில் நனைத்து வரி எழுப்புவது. அதுவும் கைத்திறன் வேண்டிய வேலைதான், நல்ல கத்திகள் அப்படி வருகின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'அசல்', 'பழங்காலத்து' என்று விற்பது பொய். அதைவிட மோசம், சாதா எஃகின் மேல் அமிலத்தாலோ லேசராலோ கோலம் மட்டும் போட்டு விற்பது. நைஸான உப்புத்தாளை ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். கோலம் போய், அமிலம் தடவினாலும் திரும்ப வரவில்லை என்றால் அது மேல்பூச்சு. அடுக்கி அடித்ததில் வரி திரும்ப வரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் வாள், குத்துவாள் எல்லாம் பெயர் சொல்லியே கூரிய ஆயுதப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டு வேலை, விவசாய வேலைக்கானவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் அதில் சேரும். உரிமம் எங்கே கட்டாயம் என்பது அந்தந்தப் பகுதிக்கு அரசு வெளியிடும் அறிவிக்கையைப் பொறுத்தது, ஆகவே பணம் கட்டுவதற்கு முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். சீக்கியர் கிர்பான் அணிவதற்கு அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவிலேயே தனி விளக்கம் இருக்கிறது, அதை எல்லாருக்கும் பொருத்திக்கொள்ள முடியாது.

என் மகளுக்கு 10 வயது, வாள்வீச்சுப் பயிற்சியில் சேர்த்திருக்கிறோம். ஃபாயில், எப்பே, சேபர் என மூன்று சொல்கிறார்கள். எதில் போடுவது?
— சென்னை, ஒரு தாய்

மூன்றும் மூன்று விதமான ஆட்டம், அம்மா. ஃபாயில் போர்க்களம் பார்த்ததே இல்லை, பயிற்சிக்காகவே செய்த மெல்லிய வாள். நுனியால் உடற்பகுதியைத் தொட்டால்தான் புள்ளி, கைகால் பட்டால் கிடையாது. எப்பே பழைய ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையிலிருந்து வந்தது. தலை முதல் கால் வரை எங்கே தொட்டாலும் புள்ளி, இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால் இருவருக்கும் புள்ளி. மூன்றில் இதுதான் கனம், 770 கிராம் வரை போகலாம், மற்ற இரண்டும் 500 கிராமுக்குள். சேபர் குதிரைப்படை வாளின் வழியில் வந்தது. இடுப்புக்கு மேலே, நுனியாலும் படலாம், அலகின் ஓரத்தாலும் படலாம். கண் இமைப்பதற்குள் புள்ளி முடிந்துவிடும்.

சென்னைப் பெண் பவானி தேவி ஆடுவது சேபர். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை அவர். டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15–3 என்று ஜெயித்து, அடுத்ததில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7–15 என்று தோற்றார். 2023 ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினார். இதைக் கேட்டுவிட்டு உடனே சேபர்தான் என்று முடிவு செய்துவிட வேண்டாம். குழந்தையின் சுபாவத்தைப் பாருங்கள். காத்திருந்து, எதிராளி தவறும் நேரம் பார்த்துத் தொடுபவள் என்றால் எப்பே பிடிக்கும். துறுதுறுவென்று பாய்பவள் என்றால் சேபர். தெரியவில்லையா, ஃபாயிலில் தொடங்கட்டும், கால் வைப்பும் தூரக் கணக்கும் அதில் நன்றாகப் படியும், பிறகு மாறிக்கொள்ளலாம். சிறுவர்களுக்கு நீளம் குறைந்த அலகு தனியாக உண்டு, பெரியவர்கள் வாளைக் கையில் கொடுத்து மணிக்கட்டைக் கெடுத்துவிடாதபடி பயிற்சியாளரிடம் அதை மட்டும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.